உறைபனி நாட்களில் நம் வீட்டுக் கதகதப்பு



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் நீலகிரியில் விடியும்போது புல்வெளியெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளையாகக் கிடக்கிறது. தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் உறைபனியைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். நமக்கு அது வேடிக்கை அல்ல. தகர ஓட்டில் கோத்த பனி சொட்டி நனைந்த போர்வை, இரவு முழுக்க இருமும் பெரியவர், குளிருக்கு அழும் கைக்குழந்தை, காலை நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்குச் சுமை இறக்கப் போக வேண்டிய மகன் என்று நம் வீடுகளின் கதை வேறு.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாம் அஞ்சும் இன்னொன்றும் இருக்கிறது. குளிருக்குப் பயந்து கதவை அடைத்து, கரிச் சட்டியைப் பக்கத்தில் வைத்துப் படுக்கும் வீடுகள் நம் மலையில் இன்னும் உண்டு. அப்படிப் படுத்தவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். கதகதப்பைத் தேடிப் போய் உயிரையே இழப்பதை விடப் பெரிய துக்கம் என்ன இருக்கிறது?

குடும்பத்துக்குக் கதகதப்பைத் தேடுவது நல்ல செயல்தான். நபி மூஸா (அலை) அவர்கள் தம் குடும்பத்தாருடன் பயணம் செய்தபோது தூர் மலைப் பக்கம் நெருப்பைக் கண்டார்கள். வழி விசாரித்து வரலாம், அல்லது குடும்பம் குளிர்காய ஒரு கொள்ளியாவது எடுத்து வரலாம் என்று சொல்லிப் போனார்கள். திருக்குர்ஆனில் அந்நம்ல், அல்கஸஸ் ஆகிய சூராக்களில் இது சொல்லப்படுகிறது. வீட்டாரின் குளிரைப் பற்றி ஒரு குடும்பத் தலைவருக்கு இருந்த கவலை வேதத்தில் இடம் பெற்றிருக்கிறது. அந்தக் கவலை நமக்கும் வேண்டும். அதோடு, எந்தக் கதகதப்பு நம்மைக் காக்கும், எது நம்மைக் கொல்லும் என்ற தெளிவும் வேண்டும்.

இங்கே ஏன் இவ்வளவு குளிர்?

மேலே போகப் போகக் காற்று குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் மின்விசிறி சுற்றும் வேளையில் இங்கே நாம் ஸ்வெட்டர் போட்டிருக்கிறோம்.

பகலில் வெயில் பட்டுச் சூடேறும் நிலம் இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போலச் சூட்டைத் தடுத்து நிறுத்தும். மேகமும் காற்றும் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவில் சூடு முழுவதும் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். மேட்டில் உள்ள வீட்டை விடப் பள்ளத்தில் உள்ள வீட்டில் உறைபனி அதிகம் விழுவது இதனால்தான்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பகல் நல்ல வெயிலாக இருந்து மாலையில் வானம் துடைத்து விட்டது போல் தெளிந்திருந்தால், அன்றிரவு கடுங்குளிர் என்று முன்பே எதிர்பார்க்கலாம். குளிர் உச்சத்துக்கு வருவது நள்ளிரவில் அல்ல, விடியலுக்குச் சற்று முன்புதான். நாம் சுபுஹுக்கு எழும் நேரமும், முதியவர்கள் கழிப்பறைக்கு எழும் நேரமும் அதுவே. ஆகவே இரவு படுக்கும்போது போதும் என்று தோன்றுகிற போர்வை, விடியற்காலைக்குப் போதாது.

புகை இல்லாத நெருப்பு

மாலையில் வாசலில் கரியை மூட்டுவார்கள். புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் சட்டியை உள்ளே கொண்டு வந்து கட்டிலுக்கு அருகில் வைப்பார்கள். ஜன்னல் இடுக்கில் துணி செருகி, கதவை அடைத்துப் படுப்பார்கள். "புகையே இல்லையே, பிறகு என்ன பயம்?" என்று கேட்பவர்களும் உண்டு.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கரி முழுமையாக எரியாமல் கனன்று கொண்டிருக்கும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது, இருமலும் வராது. புகை என்றால் நம்மை இருமவைத்து எழுப்பிவிடும். இந்த வாயு எழுப்பாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு வந்துகொண்டே இருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் பிராணவாயு போய்ச் சேராது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயக்கத்துக்குப் போய்விடுவார்.

கங்கின் மேல் சாம்பலை மூடினாலும் இந்த வாயு வருவது நிற்காது. விறகுக் கங்கும் அப்படியே. "அணைந்த மாதிரிதான் இருக்கிறது" என்று எண்ணி உள்ளே வைக்காதீர்கள்.

விழித்திருக்கும் நேரத்தில் சில அறிகுறிகள் தெரியும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத அசதி, கை கால் தளர்ச்சி ஆகியவை அவை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தலைவலி என்றால் சளிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால், வெளியே போனதும் அது குறைந்தால், அறைக் காற்றைச் சந்தேகியுங்கள். அப்போது செய்ய வேண்டியவை:

1. உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.
2. யாருக்காவது மயக்கமோ குழப்பமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.
3. மருத்துவரிடம் "அறையில் கரி இருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். பிராணவாயு கொடுப்பதுதான் இதற்கு முதல் சிகிச்சை.

இதே வாயு வேறு இரண்டு இடங்களிலும் வரும். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரை ஓடவிட்டுக் குளிப்பது ஆபத்து. கீசர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே காற்று வந்து போக வழி வேண்டும். அதேபோல, சுற்றுலா வேன் ஓட்டும் நம் சகோதரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டபடியோ உள்ளே கரி வைத்தோ தூங்கக் கூடாது.

நெருப்பைப் பற்றி நபிகளார் சொன்னது

மதீனாவில் ஒரு வீடு இரவில் அதில் இருந்தவர்களோடு எரிந்துபோனது. அந்தச் செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை என்றும் தூங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் விளக்கையும் அடுப்பையும் பற்றிச் சொன்ன இந்த அறிவுரை, இன்றைக்கு நம் கரிச் சட்டிக்கும் ஹீட்டருக்கும் அப்படியே பொருந்துகிறது. விழித்திருக்கும்போது குளிர்காயலாம். தூங்கப் போகுமுன் நெருப்பு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் இதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். இரவு கதவைத் தாழிடும் முன் சட்டி வெளியே போனதா, கேஸ் அடுப்பு மூடியாயிற்றா, ஹீட்டர் அணைந்ததா என்று பார்ப்பதை ஒரு சுன்னத்தாக எண்ணிச் செய்யலாம்.

"கரியை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லையே" என்ற வீடுகளுக்கு ஒரு யோசனை. அந்தக் கரியை வாசலிலேயே வைத்து ஒரு பானை வெந்நீர் போடுங்கள். ரப்பர் வெந்நீர்ப் பையில் ஊற்றி, மூடியை இறுக்கித் துணி சுற்றி, படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே படுக்கைக்குள் வைத்துவிடுங்கள். நெருப்பின் சூடு படுக்கைக்கு வந்து சேரும், அதன் விஷம் வெளியிலேயே நின்றுவிடும்.

மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். கட்டில், திரை, போர்வை எதுவும் அதற்கு மூன்றடிக்குள் இருக்கக் கூடாது. ஈரத் துணியை அதன் மேல் காயப்போடக் கூடாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாமல் சுவர் பிளக்கிலேயே மாட்டுங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் எடுக்கும். இரவு முழுக்க ஓடவிட்டால் மின்கட்டணமும் தாங்காது. படுக்கும் முன் ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்கி அணைத்துவிடுவதே போதுமானது.

ஒரே அறையில் ஒரு குடும்பம்

இனி, நெருப்பே இல்லாமல் கிடைக்கும் கதகதப்பைப் பார்ப்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியிடுகிறது. நான்கு பேர் ஒரு சிறிய அறையில் கூடினால் அதுவே ஒரு சின்ன ஹீட்டர். ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போனுடன் இருந்தால் நான்கு அறைகளும் குளிரும், வீட்டுப் பெரியவர்கள் தனியாகக் குளிரில் இருப்பார்கள்.

ஆகவே இந்த இரண்டு மாதங்களுக்கு வீட்டின் ஏற்பாட்டையே சற்று மாற்றுங்கள். பகலில் அதிக வெயில் படும் அறை, அல்லது சமையலறையை ஒட்டிய அறை, எதுவோ அதைக் குடும்ப அறையாக்குங்கள். மஃக்ரிப் தொழுததும் எல்லாரும் அங்கே வரட்டும். பிள்ளைகள் அங்கேயே பாடம் படிக்கட்டும், மக்தப் பாடத்தை நன்னாவிடமோ நன்னியிடமோ ஓதிக் காட்டட்டும். இஞ்சி டீயோ, சுக்குமல்லிக் காபியோ, மிளகு ரசமோ அங்கேயே வரட்டும். ரமளானில்தான் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று சட்டம் இல்லை. உறைபனி இரவில் ஒரு சட்டி கஞ்சியைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பதில் உடலும் சூடாகும், மனமும் ஒன்றும்.

வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் பேச்சு குறைந்துவிட்டது என்று நாம் வருந்துகிறோம். குளிர் நம்மை ஒரே போர்வைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. அத்தா இந்த மலைக்கு எப்போது வந்தார், முதலில் எங்கே வேலை பார்த்தார், அந்தக் காலத்துப் பனி எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்க இதை விட நல்ல நேரம் கிடைக்காது. பேச மனமில்லாமல் இருந்த இருவர்கூட ஒரே அறையில் ஒரே பானையிலிருந்து குடிக்கும்போது இறுக்கம் தளரும். அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எத்தனை பேர் கூடினாலும், எவ்வளவு குளிர் என்றாலும், காற்று வந்து போக ஜன்னலில் விரலளவு இடைவெளி இருக்கட்டும்.

போர்வையும் உடுப்பும்

நம்மைச் சூடாக வைப்பது துணிக்குள் அடைபட்டு நிற்கும் காற்றுதான். அதனால் தடித்த ஒரே சட்டையை விட மெல்லிய மூன்று சட்டைகள் நல்லது. உள்ளே பருத்தி, நடுவில் கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் துணி என்ற வரிசை சரியாக இருக்கும். வியர்வையிலோ பனியிலோ நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும். ஈரம் உடல் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். தலை, காது, பாதம் மூன்றையும் மூடுங்கள்.

மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே தரை குளிர்ந்தால் பயன் குறைவு. பாய்க்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுங்கள், அல்லது சுத்தமான சாக்கை விரித்து அதன் மேல் ஜமுக்காளம் போடுங்கள். செலவில்லாத இந்த ஏற்பாடு ஒரு கம்பளிக்குச் சமம். பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் போர்வை, மெத்தைகளை வெயிலில் போட்டு, வெயில் இறங்கும் முன் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் மீண்டும் பனி ஏறிவிடும். மாலை நான்கு மணிக்கே ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டால் பகல் சூடு கொஞ்சம் தங்கும்.

கைக்குழந்தைகள்

பச்சிளம் குழந்தையால் நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. வயிறும் சில்லென்று இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

குளிரும் குழந்தைக்கு மிகச் சிறந்த ஹீட்டர் தாயின் நெஞ்சுதான். குழந்தைக்குக் குல்லாவும் சாக்ஸும் போட்டு, உடலில் வேறு துணி இல்லாமல் தாயின் வெறும் மார்போடு சேர்த்து வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவது ஒரு முறை. கங்காரு முறை என்று இதைச் சொல்வார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர் போதாத நிலையில் மருத்துவர்கள் தொடங்கிய இந்த முறை, இன்று எடை குறைந்த குழந்தைகளுக்காக உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. தாய்க்கு முடியாதபோது தகப்பனும் செய்யலாம். குழந்தையின் மூக்கும் வாயும் எப்போதும் திறந்திருக்க வேண்டும், வைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும்.

பிறந்து 24 மணி நேரம் ஆகும்வரை குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். கனத்த ரஜாய்க்குள் பெரியவர்களுக்கு நடுவே குழந்தையைப் படுக்கவைப்பதும் மூச்சு முட்டும் ஆபத்து உள்ளது. போர்வை நெஞ்சுக்கு மேல் ஏறாமல் தனியே படுக்கவையுங்கள்.

முதியவர்கள்

வயதானால் குளிரை உணரும் சக்தியே குறைகிறது. "எனக்குக் குளிரவில்லை, போர்வையைப் பிள்ளைக்குப் போடு" என்று நன்னி சொல்வது பாசத்தினால் மட்டும் அல்ல, உண்மையிலேயே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே கேட்டுவிட்டு விடாமல் கையைத் தொட்டுப் பாருங்கள்.

உடல் சூடு 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அது ஆபத்தான நிலை. நடுக்கம், நா குழறல், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, அளவு மீறிய தூக்கம் ஆகியவை அடையாளங்கள். நடுங்கிக் கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் மந்தமாக இருக்கிறார் என்றால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிறது என்று பொருள். 108-ஐ அழையுங்கள். ஈரத் துணியை மாற்றி, முதலில் நெஞ்சையும் வயிற்றையும் போர்த்துங்கள். கை கால்களைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம், நெருப்புக்கு அருகில் கொண்டு போக வேண்டாம். நன்றாக விழித்திருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையை விடக் கூடாது. விடியற்காலையில் போர்வையை உதறி உடனே வெளியே போகாமல், படுக்கையிலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு எழ வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு வெந்நீர்ப் பையும் ஹீட்டரும் சுடுவது தெரியாது. அவர்கள் காலில் சாக்ஸ் போட்டால் போதும், பையை வேண்டுமானால் வயிற்றருகே வைக்கலாம். வீட்டில் வேறொருவர் அதன் சூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

உளூவும் தொழுகையும்

சிரமமான நேரத்திலும் உளூவை நிறைவாகச் செய்வதற்கு நன்மை உண்டு என்பது நமக்குத் தெரியும். அதற்காக வெந்நீர் இருக்கும்போதும் ஐஸ் போன்ற தண்ணீரில்தான் உளூ செய்ய வேண்டும் என்று உடலை வருத்த வேண்டியதில்லை. வெந்நீரில் உளூ செய்ய மார்க்கத்தில் தடை இல்லை. உளூ செய்த பின் கை, முகம், காலை உடனே துடைத்துக்கொள்ளுங்கள்.

முழுமையாக உளூ செய்த பின் தோலினால் ஆன காலுறை அணிந்திருந்தால், அடுத்த உளூவில் காலைக் கழுவுவதற்குப் பதில் அதன் மேல் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு என்று இதற்குக் கால வரம்பு உண்டு. நம் முதியவர்களில் பலர் இந்தச் சலுகையை அறியாமல் விரல் மரத்துப்போகக் கால் கழுவுகிறார்கள். விவரங்களை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பட்டால் நோய் கூடும், சூடாக்கவும் வழியில்லை என்ற நிலையில் தயம்மும் இருக்கிறது. நபித்தோழர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு படைப் பயணத்தில், கடுங்குளிர் இரவில் குளிப்பு கடமையானது. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். பிறகு நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி விசாரித்தபோது, உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடாது என்ற இறைக்கட்டளையை நினைவில் கொண்டே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். நபியவர்கள் சிரித்தார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அபூதாவூதில் இந்தச் சம்பவம் வருகிறது. உயிரைக் காப்பதும் மார்க்கத்தில் சேர்ந்ததே.

பள்ளிவாசல் நிர்வாகத்தினர் சுபுஹுக்கும் இஷாவுக்குமாவது உளூ செய்யும் இடத்தில் வெந்நீர்க் குழாய் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தால், குளிருக்குப் பயந்து வராமல் இருக்கும் முதியவர்கள் ஜமாஅத்துக்கு வருவார்கள்.

அடுத்த வீட்டில் குளிர்கிறதா?

உறைபனி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பனியில் தேயிலைக் கொழுந்து கருகிப் போனால் பறிக்க இலை இருக்காது, பறிப்பவருக்கு வேலை நாள் குறையும். போர்வையும் விறகும் மருந்தும் அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் அந்த வீட்டில் கூலி குறைகிறது. காலைப் பனியில் கேரட் பிடுங்குபவர்கள், மார்க்கெட்டில் சுமை தூக்குபவர்கள், இரவுக் காவலுக்கு நிற்பவர்கள், தனியாக இத்தா இருக்கும் பெண்கள், ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்து லைன் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் என்று குளிர் அதிகம் படும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான்.

ஆணம் காய்ச்சும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை முஸ்லிம் நூலில் இருக்கிறது. இதற்குப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை, ஒரு குவளைத் தண்ணீர் கூடுதலாக ஊற்றும் மனம் இருந்தால் போதும். அண்டை வீட்டார் என்பதில் எந்த மதத்தவர் என்ற கேள்வியும் இல்லை.

தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரை ஒவ்வொரு வீடும் பொறுப்பெடுத்தால் நம் தெருவில் யாரும் விடுபட மாட்டார்கள். இஷாவுக்குப் பிறகு ஒருமுறையும், காலை ஏழு மணிக்குள் ஒருமுறையும் கதவைத் தட்டிச் சலாம் சொல்லுங்கள். மாலையில் போகும்போது சூடாக ஏதாவது கொண்டு போங்கள், கரிச் சட்டி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஐந்து நிமிட வேலைதான் இது. ஆனால் யாரும் வராத வீட்டில் இருப்பவருக்கு அந்த ஐந்து நிமிடமே அன்றைய நாளின் கதகதப்பு.

கம்பளி கொடுக்க நினைப்பவர்கள் பனி உச்சத்துக்கு வருமுன் கொடுங்கள். பழையதாக இருந்தால் துவைத்து, வெயிலில் காயவைத்து, நீங்கள் போர்த்திக்கொள்ளத் தகுந்த நிலையில் கொடுங்கள். கம்பளியோடு பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு வெந்நீர்ப் பை சேர்ந்தால் இன்னும் நல்லது. வாங்குபவரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். ஜகாத்தின் கணக்கு தனி, அது உரியவர்களுக்கே போக வேண்டும். ஸதகாவை முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் தெருவில் தேவையுள்ள வீடு இருந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

ஒரு போர்வையின் ஓரம்

அகழ்ப் போரின்போது, காற்றும் குளிரும் வாட்டிய ஓர் இரவில், எதிரிகளின் நிலவரம் அறிந்துவர ஹுதைஃபா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். குளிருக்கும் அச்சத்துக்கும் நடுவே யாரும் எழத் தயங்கிய இரவு அது. போய்விட்டுத் திரும்பிச் செய்தி சொன்னதும் ஹுதைஃபா (ரலி) அவர்களைக் குளிர் பிடித்துக்கொண்டது. நபியவர்கள் தாம் போர்த்தித் தொழுதுகொண்டிருந்த போர்வையின் மீதிப் பகுதியை எடுத்து அவர்களைப் போர்த்திவிட்டார்கள். ஹுதைஃபா விடியும்வரை உறங்கினார்கள். இதுவும் முஸ்லிம் நூலில் உள்ளது.

நபியவர்கள் அன்று போர்த்தியிருந்தது ஒரு போர்வை. அதில் ஓர் ஓரத்தைக் கொடுத்தார்கள். நம்மிடமும் பெரிதாக எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இருக்கும் அறையில் வீட்டார் அனைவரையும் கூட்டிக்கொள்ளலாம். இருக்கும் போர்வையில் ஓர் ஓரத்தைக் குளிரில் வேலைக்குப் போய்த் திரும்பியவருக்குக் கொடுக்கலாம். அடுத்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டலாம். படுக்கும் முன் கரிச் சட்டியை வெளியே வைத்துவிடலாம்.

வல்ல அல்லாஹ் இந்தப் பனிக்காலத்தில் நம் முதியவர்களையும் குழந்தைகளையும் பாதுகாப்பானாக. நம் வீடுகளில் அன்பையும் நெருக்கத்தையும் அதிகமாக்குவானாக. குளிரில் இருப்பவர்களை நம் கண்ணில் படவைத்து, உதவும் மனதையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.